பள்ளிக்காக வீடு மாறலாமா?

தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று ஊரில் சொல்வார்கள். சிங்கப்பூரில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துப்பார். வீடும் பள்ளியும் இங்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குழந்தை தவழத் தொடங்கும்போதே சில வீடுகளில் வரைபடத்தை விரித்து, எந்தப் பள்ளியைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். சொத்து முகவர்களின் விளம்பரங்களிலும் “இன்ன பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள்” என்ற வரிக்குத் தனி மவுசு உண்டு.

அந்த வட்டம் தொடக்கப்பள்ளிக்காக மட்டும் போடப்படுவதில்லை. பெற்றோரின் கண் அடுத்த படியில் இருக்கிறது. பெயர் பெற்ற உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை கால் வைத்துவிட்டால், பிறகு தொடக்கக் கல்லூரி, பல்கலைக்கழகம், நல்ல வேலை எல்லாம் வரிசையாக வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதற்காக இருக்கும் வீட்டை விற்று, கடனைக் கூட்டி, மத்திய சேம நிதியில் இருப்பதைக் கரைத்து வேறு பேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளைக்காகச் செய்வதைச் செலவாகப் பார்க்காத சமூகம் இது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அந்த வீடு உண்மையில் எதை வாங்கித் தருகிறது?

சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு கட்டம் கட்டமாக நடக்கிறது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படித்தால் முதல் கட்டத்திலேயே இடம் உறுதி. அடுத்து முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள். அதற்கடுத்துப் பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோரின் பிள்ளைகள், பள்ளியோடு தொடர்புடைய தேவாலயம் அல்லது குலச் சங்கத்தின் ஆதரவு பெற்றவர்கள். இப்படி எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் வந்து நிற்பது 2சி கட்டத்தில். இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் அப்போது கிலோமீட்டர் பேசத் தொடங்குகிறது. பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் குடிமக்களுக்கு முதலில் இடம். பிறகு 1 முதல் 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், பிறகு அதற்கு அப்பால் இருப்பவர்கள். நிரந்தரவாசிகள் அவர்களுக்கும் பின்னால். இடம் எந்த வட்டத்தில் தீர்ந்துபோகிறதோ, அந்த வட்டத்தில் குலுக்கல். புகழ்பெற்ற பள்ளிகள் சிலவற்றில் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கே குலுக்கல் நடந்திருக்கிறது. கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கிய வீடும் கடைசியில் குலுக்கல் சீட்டாகிவிடலாம்.

தொடர்பே இல்லாதவர்களுக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் 2பி, 2சி கட்டங்களுக்கு 40 இடங்களை ஒதுக்கி வைத்தது. 2022 முதல் அது 60 ஆனது. அவற்றில் 40 இடங்கள் 2சி கட்டத்துக்கு. நல்ல மாற்றம்தான். இருந்தாலும் அந்த 40 இடங்களுக்குள்ளும் வட்டத்துக்குள் இருப்பவர்தான் முந்துகிறார். அருகில் இருக்கும் பிள்ளை நடந்து வந்து படிக்கட்டும் என்ற எளிய ஏற்பாடு, வட்டத்துக்குள் வீடு வாங்க வசதி உள்ளவருக்குச் சாதகமாகிப்போனது வருத்தத்திற்குரியது.

சரி, உயர்நிலைப் பள்ளிக்கு வருவோம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வான பிஎஸ்எல்இ முடிந்து, மதிப்பெண் கையில் வந்ததும் மாணவர் ஆறு பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதித் தருகிறார். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை வழங்கப்படுகிறது. நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, கடைசி 32. குறைந்த கூட்டுத்தொகை உள்ளவருக்கு முதலில் இடம். இருவர் ஒரே எண்ணில் நின்றால் குடியுரிமை பார்க்கப்படுகிறது. அதுவும் சமமானால் யார் அந்தப் பள்ளியை விருப்ப வரிசையில் மேலே எழுதினார் என்பது. அதுவும் சமமானால் கணினிக் குலுக்கல். இந்த வரிசையில் வீட்டு முகவரி எங்கே வருகிறது? வருவதே இல்லை. எழுதிய ஆறில் ஒன்றும் கிடைக்காத மாணவரை, இடம் காலியாக உள்ள, வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளிக்கு அனுப்பும்போதுதான் முகவரிக்கு வேலை.

பீஷானில் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் சுவரை ஒட்டிய கட்டடத்தில் ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளாக வசிக்கலாம். உட்லண்ட்ஸிலிருந்து ஒரு மாணவர் அதே பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். கணினிக்கு இருவரும் ஒன்றுதான். அந்தப் பள்ளிக்கு இணைப்புத் தொடக்கப்பள்ளியும் கிடையாது. பீஷானில் வீடு வாங்கினால் ராஃபிள்ஸ் பக்கம் என்று சொல்பவர்கள் பக்கத்தைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பதால் உள்ளே போக வழி கிடைக்காது.

இந்தக் குழப்பத்துக்கு வெளிநாட்டு உறவினர்களும் ஓரளவு காரணம். லண்டனில் இருக்கும் மாமாவோ சித்தியோ, நல்ல கிராமர் பள்ளிக்காக வீடு மாறிய கதையைத் தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். இங்கிலாந்தில் நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் 163 அரசு கிராமர் பள்ளிகள் உள்ளன. பார்னட்டில் உள்ள குயின் எலிசபெத் பள்ளி தேர்வில் எடுத்த இடத்தைப் பார்க்கிறதே தவிர, வீடு எங்கே என்று பார்ப்பதில்லை. கிங்ஸ்டனில் உள்ள டிஃபின் பள்ளியோ குறிப்பிட்ட அஞ்சல் வட்டாரங்களில் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. அங்கே பல பள்ளிகளுக்கு வீடும் வேண்டும், மதிப்பெண்ணும் வேண்டும். அந்தக் கணக்கை அப்படியே எடுத்து சிங்கப்பூர் வரைபடத்தின்மேல் வைத்தால் பொருந்தாது.

வீட்டுக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் இங்கே தொடர்பே இல்லையா என்றால், ஒரு சுற்றுவழி இருக்கிறது. அதுதான் இணைப்புப் பள்ளி. சில தொடக்கப்பள்ளிகள் சில உயர்நிலைப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டவை. அந்தத் தொடக்கப்பள்ளி மாணவர், இணைப்பு உயர்நிலைப் பள்ளியை முதல் விருப்பமாக எழுதினால் அவருக்கு முன்னுரிமை உண்டு. வெளியிலிருந்து வருபவருக்குத் தேவைப்படும் மதிப்பெண்ணைவிடச் சற்றுத் தளர்வான மதிப்பெண்ணோடு நுழைய முடியும். ஆங்கிலோ-சீனப் பள்ளிகள், செயின்ட் ஹில்டாஸ் பள்ளிகள் ஆகியவை இப்படிப்பட்டவை. வீடு தொடக்கப்பள்ளியைத் தரும், தொடக்கப்பள்ளி உயர்நிலைப் பள்ளியைத் தரும் என்ற சங்கிலியின் கண்ணி இதுதான்.

இந்தக் கண்ணி எவ்வளவு உறுதியானது? முன்னுரிமை என்பது உத்தரவாதம் அல்ல. பள்ளி வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதியைப் பிள்ளை எட்ட வேண்டும். 2019 முதல் இணைப்பு உயர்நிலைப் பள்ளிகள் குறைந்தது 20 விழுக்காட்டு இடங்களை இணைப்பு இல்லாத மாணவர்களுக்கென ஒதுக்கவேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. பெயரில் ஒற்றுமை இருப்பதால் மட்டும் இரண்டு பள்ளிகள் இணைப்புப் பள்ளிகள் ஆகிவிடா என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். வீடு தேடத் தொடங்குவதற்கு முன்பே கல்வி அமைச்சின் இணையப்பக்கத்தில் அந்தப் பள்ளியின் விவரத்தைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. முகவர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பல லட்சம் வெள்ளிக்குக் கையெழுத்துப் போடக்கூடாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். செங்காங்கில் நாலறை வீவக வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். 2022இல் பிறந்த மகன். மனைவியின் அம்மா இரண்டு புளோக் தள்ளிக் குடியிருக்கிறார். பையனைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், சோறு ஊட்டுவதும், மழை வந்தால் காயப்போட்ட துணியை எடுத்து வைப்பதும் அவர்தான். கணவனுக்கு பீஷான்மேல் ஆசை. “இப்பவே போயிட்டா பையன் படிப்பு செட்டில் ஆயிடும்மா” என்கிறார். “பீஷானுக்குப் போயிட்டா சாயங்காலம் பையனை யாருங்க பார்த்துக்குவா? அம்மாவை யாரு பார்த்துக்குவா?” என்று மனைவி கேட்கிறார்.

இவர்களுடைய ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மகனுக்குத் தொடக்கநிலை ஒன்று பதிவு 2028இல். பள்ளி தொடங்குவது 2029 ஜனவரியில். முகவரியைக் காட்டி முன்னுரிமை பெற்றவர்கள், பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதங்கள் அந்த முகவரியிலேயே உண்மையாகக் குடியிருக்கவேண்டும். ஆகவே 2030 இறுதிவரை நகர முடியாது. மீறினால் பிள்ளை வேறு பள்ளிக்கு மாற்றப்படலாம். பொய் முகவரி தந்தால் காவல்துறை வரைக்கும் போகும். வீட்டை 2027இல் மறுவிற்பனைச் சந்தையில் வாங்கினால், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு முடிய 2032 ஆகும். அதுவரை விற்கவும் முடியாது, முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. 2024 அக்டோபர் முதல் விற்பனைக்கு வந்த ‘பிளஸ்’, ‘பிரைம்’ வகைப் புதிய வீடுகளுக்கு இந்தக் காலம் பத்தாண்டு. மகன் பிஎஸ்எல்இ எழுதுவது 2034இல். உயர்நிலை ஒன்றில் அடியெடுத்து வைப்பது 2035இல்.

அதாவது, பன்னிரண்டு வயதில் எப்படிப்பட்ட மாணவனாக இருக்கப்போகிறான் என்று தெரியாத ஓர் ஐந்து வயதுக் குழந்தைக்காக, எட்டாண்டு கழித்து வரும் உயர்நிலைப் பள்ளிக்கு இன்றே குடும்பம் பணம் கட்டுகிறது. அவனுக்குக் கணிதம் பிடிக்குமா, காற்பந்து பிடிக்குமா, தபேலா பிடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. 2004இல் தொடங்கிய நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தில், விளையாட்டு, கலை, தலைமைத்துவம் போன்ற திறன்களைக் காட்டி பிஎஸ்எல்இ முடிவுக்கு முன்பே உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறலாம். அந்த வழிக்கும் வீட்டு முகவரி தேவையில்லை.

பீஷானை நினைக்கும் தமிழ்க் குடும்பம் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். அங்குள்ள கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்குத் தொடக்கநிலைப் பிரிவும் உண்டு, இணைப்பும் உண்டு. ஆனால் அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. இத்திட்டத்தின்கீழ் உள்ள பள்ளிகளில் சீனமொழிதான் தாய்மொழிப் பாடம். ஹுவா சோங், நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, டன்மன் உயர்நிலைப் பள்ளி, ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளி ஆகிய பெயர்களும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. வீட்டு விளம்பரத்தில் “தலைசிறந்த பள்ளிகள் சூழ்ந்த வட்டாரம்” என்று போட்டிருப்பார்கள். அந்தத் தலைசிறந்த பள்ளிகளில் எத்தனை நம் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரும் என்று எண்ணிப் பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். சீன நண்பர் போட்ட வட்டத்தை நாமும் அப்படியே பார்த்துப் போட்டுக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

சிறப்பு உதவித் திட்டத்தில் இல்லாத பள்ளிகளிலும் எல்லா இடத்திலும் தமிழ் வகுப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பள்ளியிலேயே இல்லாவிட்டால், பள்ளி நேரத்துக்குப் பிறகு வேறு நிலையத்துக்குப் போய்ப் படிக்கவேண்டும். பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் பல பள்ளிகளின் சீருடைகளில் பிள்ளைகள் வந்து சேர்வது பலருக்கும் பழகிய காட்சி. 1946இல் பள்ளியாகத் தொடங்கி, 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்ட பிறகு, தமிழ்மொழி நிலையமாகத் தொடரும் இடம் அது. நல்ல ஆசிரியர்கள், பிற பள்ளித் தமிழ்ப் பிள்ளைகளின் நட்பு என்று அங்கே கிடைப்பவை பல. ஆனால் பயண நேரம் பயண நேரம்தான். வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்று மட்டும் அளப்பவர்கள், பள்ளியிலிருந்து தமிழ் வகுப்பு எவ்வளவு தூரம், அங்கிருந்து வீடு எவ்வளவு தூரம் என்ற மற்ற இரண்டு பக்கங்களையும் அளக்கவேண்டும்.

வீவக வீடு வாங்குவோருக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் இருக்கிறது. 1989 மார்ச் முதல் நடப்பில் உள்ள இக்கொள்கையின்படி, இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு 2010 முதல் பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில், இந்தியர் ஒருவர் தம் பிரிவைச் சேர்ந்த விற்பனையாளரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். பிடித்த பள்ளிக்கு 900 மீட்டரில், கட்டுப்படியாகும் விலையில் ஒரு வீடு கிடைத்தாலும், விற்பவர் சீனராக இருந்து வரம்பும் நிரம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. விற்கும்போதும் இதே கொள்கை மறுபக்கமாகக் குறுக்கே வரும். புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்கள் குறைவு, விலையும் அடிபடும். வீடு விற்கமுடியாமல் தவிப்பவர்களில் தகுதி உள்ளோருக்கு வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவி 2022இல் அறிமுகமானது. இக்கொள்கை ஏன் வந்தது, தேவையா இல்லையா என்பது தனியாகப் பேசவேண்டிய பொருள். பள்ளிக்காக ஐந்தாண்டு மட்டும் அங்கே இருந்துவிட்டுப் பிறகு விற்றுவிடலாம் என்று கணக்குப் போடும் தமிழ்க் குடும்பம், இந்த வரம்பை முன்கூட்டியே வீவக இணையப்பக்கத்தில் பார்த்துவிடவேண்டும். நிலவரம் மாதந்தோறும் மாறும்.

வீட்டை மாற்றிவிட்டோம், பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. பள்ளிகளும் வீடு மாறுகின்றன! ராஃபிள்ஸ் கல்வி நிலையம் பிராஸ் பசாவிலிருந்து 1972இல் கிரேஞ்ச் சாலைக்கும், 1990இல் பீஷானுக்கும் போனது. ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி ஆண்டர்சன் சாலையை விட்டு 2019இல் பிராடலுக்கு வந்தது. பார்க்கர் சாலையில் உள்ள ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி, 2030இல் தெங்காவுக்கு இடம் மாறி, பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் பார்க்கர் சாலை வட்டத்துக்குள் வீடு வாங்கியிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தெங்காவில் வீடு கிடைத்து, இவ்வளவு தூரமா என்று சலித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

விதிகளும் அப்படித்தான். 2022ஆம் ஆண்டுப் பதிவு முதல், தூரம் பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து அளக்கப்படுகிறது. அதனால் பல பள்ளிகளின் வட்டம் பெரிதானது. நேற்று வரை வெளியே இருந்த புளோக்குகள் உள்ளே வந்தன, உள்ளே இருந்தவர்களுக்குப் போட்டி கூடியது. மீத்திறன் மாணவர் திட்டம் தற்போதைய வடிவில் நிறுத்தப்பட்டு, எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் அத்தகைய மாணவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கும் என்று 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். உயர்நிலைப் பள்ளிகளில் விரைவு, வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்று மாணவர்கள் முதல் இல்லை. ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒவ்வொரு பாடத்தையும் தத்தம் திறனுக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளியே என்று கல்வி அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லும்போது பெற்றோர் புன்னகையோடு கேட்டுவிட்டு மறுபடி வட்டம் போடப் போய்விடுகிறார்கள். ஆனால் வீட்டுக்கடன் முடிய எடுக்கும் இருபத்தைந்து ஆண்டுகளில் கல்விமுறை எத்தனை தடவை மாறும் என்பதை அந்தப் புன்னகை கணக்கில் எடுப்பதில்லை.

செங்காங் குடும்பத்தின் பாட்டிக்குத் திரும்புவோம். மறுவிற்பனை வீடு வாங்கும் தம்பதியர், பெற்றோருடன் சேர்ந்து வசித்தால் 30,000 வெள்ளியும், 4 கிலோமீட்டருக்குள் வசித்தால் 20,000 வெள்ளியும் மானியமாகப் பெறலாம். பள்ளிக்கு 1 கிலோமீட்டர், தாத்தா பாட்டிக்கு 4 கிலோமீட்டர். இந்த இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் வீடு கிடைப்பது பெரும் பேறு. கிடைக்காதபோது எந்த வட்டத்தை விடுவது? பலர் தயங்காமல் பாட்டியின் வட்டத்தை விடுகிறார்கள். பிறகு மாலை நேரத்துக்கு மாணவர் பராமரிப்பு நிலையம், அதற்குக் கட்டணம், அங்கிருந்து அழைத்துவர அவசர அவசரமாக வேலையிலிருந்து ஓட்டம். வீட்டில் தமிழ் பேச மீதமிருந்த ஒரே ஆளும் அப்போது போய்விடுகிறார். பள்ளியில் தமிழ் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்க்கும் பெற்றோர், வீட்டிலிருந்த தமிழ் வகுப்பை இப்படிக் கைவிட்டுவிடுகிறார்கள். பாட்டி நடத்தியதை வகுப்பு என்று யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

தூரம் முக்கியமே இல்லையா? மிக முக்கியம். தொடக்கப்பள்ளிக்காக அளக்கும் தூரத்தைவிட, உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை தினமும் கடக்கும் தூரம் முக்கியம். பள்ளிகள் காலை 7.30க்கு முன் தொடங்கக்கூடாது. 7.30 என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரப் பயணம் உள்ள பிள்ளை ஆறேகாலுக்கு வீட்டைவிட்டு இறங்கவேண்டும். ஐந்தரைக்கு எழவேண்டும். இணைப்பாட நடவடிக்கை உள்ள நாளில் வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகும். குளித்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தை எடுக்கும்போது எட்டரை. துணைப்பாட வகுப்பும் இருந்தால் சொல்லவேண்டியதில்லை. பதின்ம வயதுப் பிள்ளை எட்டு மணி நேரம் உறங்கவேண்டும் என்றால் இரவு ஒன்பதரைக்குப் படுக்கவேண்டும். எந்த வீட்டில் இது நடக்கிறது? ஒருங்கிணைந்த திட்டப் பள்ளி என்றால் இது ஆறாண்டுக் கதை. அதிகாலை ரயிலில் நின்றபடியே தூங்கும் சீருடைப் பிள்ளைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

ஆகவே ஆறு பள்ளிகளை எழுதும் நேரத்தில் பயண நேரத்தையும் ஒரு மதிப்பெண்ணாக வைத்துக்கொள்வது நியாயம். கூட்டுத்தொகை ஒன்றிரண்டு எண் வேறுபடும் இரண்டு நல்ல பள்ளிகளில், ஒன்று பதினைந்து நிமிடத்திலும் மற்றது எழுபது நிமிடத்திலும் இருந்தால், அருகில் உள்ளதை மேலே எழுதுவது பிள்ளையின் தகுதியைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. உறவினர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். “இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏன் இந்த ஸ்கூலு?” என்று கேட்பவர் யாரும் ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைக்கு மைலோ கலக்கித் தரப்போவதில்லை.

கிலோமீட்டரும் நிமிடமும் ஒன்றல்ல என்பதையும் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை 2020இல் உட்லண்ட்ஸில் தொடங்கி, 2024 ஜூனில் சிக்லாப் வழியாக பேஷோர் வரை எட்டியது. அதற்குமுன் உட்லண்ட்ஸ் பிள்ளைக்கு சிக்லாப்பில் உள்ள விக்டோரியா பள்ளி ஏறக்குறைய தீவின் மறுகோடி. இப்போதும் நெடும் பயணம்தான், ஆனால் ஒரே ரயில். வரைபடத்தில் அருகில் தெரியும் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறவேண்டியிருக்கும், தொலைவில் தெரியும் பள்ளிக்கு ரயிலை விட்டு இறங்கியதும் வாசல் வந்துவிடும்.

வீடு மாறுவதே தவறு என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். எப்படியும் பெரிய வீடு தேடும் குடும்பம், தாத்தா பாட்டியும் அந்தப் பக்கமே இருக்கும் குடும்பம், இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே தொடக்கப்பள்ளியில் அடுத்தடுத்துச் சேரப்போகும் குடும்பம் ஆகியோருக்கு மாறுவதில் பயன் உண்டு. மூத்தவர் சேர்ந்துவிட்டால் இளையவர்களுக்கு இடம் உறுதி என்பதால் ஒரு வீட்டின் பலன் பல மடங்காகிறது. பிஎஸ்எல்இ முடிந்து, பள்ளி எது என்று தெரிந்த பிறகு மாறுகிறவர்களும் உண்டு. ஊகம் ஏதும் இல்லாமல், கையில் உள்ள விவரத்தோடு எடுக்கும் முடிவு அது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்தவர்கள் பழைய வீட்டை வாடகைக்கு விட்டு, பள்ளிப் பக்கம் வாடகைக்குப் போகவும் வழி இருக்கிறது. பிள்ளைக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகிறது என்றால் அந்த வாடகைக்கு அர்த்தம் இருக்கிறது.

செங்காங் தம்பதியர் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பீஷான் வீடு மகனுக்குத் தருவது என்ன என்பது தெரிந்துவிடும்: சில தொடக்கப்பள்ளிகளுக்கான வரிசையில் சற்று முன்னால் ஓர் இடம், அவ்வளவே. அதற்குக் கொடுப்பது கூடுதல் கடன், ஐந்தாண்டுக் கட்டு, இரண்டு புளோக் தள்ளி இருந்த அம்மா. செங்காங்கிலேயே இருந்து, வீட்டருகில் தமிழ் கற்பிக்கும் தொடக்கப்பள்ளியில் அவனைச் சேர்த்தாலும், 2034இல் அவன் எழுதும் ஆறு பள்ளிகளில் ராஃபிள்ஸ் இருக்கலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

அந்த ஆறு பள்ளிகளை எழுதுவதற்கு முன், பல பள்ளிகள் ஆண்டுதோறும் பொது வரவேற்பு நாள் நடத்துகின்றன. பெரும்பாலும் சனிக்கிழமை. குளிரூட்டிய மண்டபம், வாத்தியக் குழு, சிரித்த முகங்கள். அதோடு நிறுத்திவிடாமல், பள்ளி நடக்கும் ஒரு நாளில் பெற்றோர் இருவரில் ஒருவராவது வீட்டு வாசலிலிருந்து காலை ஆறேகால் மணிக்குக் கிளம்பி, பிள்ளை போகவேண்டிய அதே பேருந்தில், அதே ரயிலில், ஒரு புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பள்ளி வாயில் வரை போய்ப் பார்க்கவேண்டும். உட்கார இடம் கிடைத்ததா என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.